இணுவிலில் இருந்து இனுவிக்: பங்குனியில் ஐஸ் ரோட்டில் ஓட என்ன ஆயத்தம் வேணும்?

பனைநிழல் (இணுவில்)

வணக்கம். வாற வருஷம் கனடாவிலை, எட்மன்ரனிலை இருக்கிற அண்ணாவிட்டைப் போறன். பங்குனி முதல் இரண்டு கிழமையும் அவருக்கு லீவு. அவற்றை ரொயோட்டா 4ரன்னர் வாகனத்திலை வட துருவ வட்டத்தைத் தாண்டி இனுவிக் வரைக்கும் போய், உறைஞ்ச ஆத்துக்கு மேலாலை போற ஐஸ் ரோட்டிலையும் ஓடவேணும் எண்டு இரண்டு பேருக்கும் ஆசை. அண்ணா எட்மன்ரன் பனிக்குப் பழகினவர், அதுக்கு வடக்காலை போனதில்லை. எனக்கு ஏ-9 தான் ஓடின நீளமான ரோட்டு.

இனுவிக்கிலை இருந்து ருக்ரோயாக்ரக் போற கடல் ஐஸ் ரோட் இன்னும் இருக்குதோ? ஐஸ் எவ்வளவு தடிப்பு இருந்தால் எங்கடை வாகனத்தைத் தாங்கும்? வாகனத்துக்கு என்னென்ன செய்யவேணும், பெற்றோல் எங்கெங்கை கிடைக்கும்? தெரிஞ்ச ஆக்கள் விபரமாகச் சொல்லுங்கோ.

மெக்கன்சிக்கரை

ஊர்ப்பெயர் இரண்டும் காதுக்கு ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். இனுவிக் என்றால் அங்குள்ள இனுவியாலுயிற் பழங்குடி மக்களின் மொழியில் 'மனிதர் இருக்கும் இடம்' என்று பொருள்.

நீங்கள் கேட்ட ருக்ரோயாக்ரக் ஐஸ் ரோட் இப்போது இல்லை. மெக்கன்சி ஆற்றின் கிளைகளிலும் கடைசித் துண்டு கடல் ஐஸிலுமாக 187 கி.மீ. ஓடிய பாதை அது. 2017 சித்திரையோடு அதை மூடிவிட்டார்கள். அதே வருடம் கார்த்திகை 15 இல் 138 கி.மீ. கிறவல் வீதி திறந்தது, வருடம் முழுவதும் தரையாலேயே போகலாம். இணையத்தில் இப்போதும் சுற்றும் வீடியோக்கள் பலவும் அதற்கு முந்தியவை.

ஆனால் உங்கள் ஆசைக்கு வேறு இடங்கள் இருக்கின்றன. டோசன் சிற்றிப் பக்கத்தில் இருந்து இனுவிக் போகும் டெம்ஸ்ரர் நெடுஞ்சாலை இரண்டு ஆறுகளைக் கடக்கிறது: போர்ட் மக்பெர்சனுக்குக் கிட்டப் பீல் ஆறு, சிகெச்சிக் ஊரடியில் மெக்கன்சி ஆறு. இரண்டிலும் பாலம் கிடையாது. கோடையில் காரைநகர்–ஊர்காவற்றுறைப் 'பாதை' மாதிரி வாகனத்தை ஏற்றி இறக்கும் படகு ஓடும், மாரியில் அதே இடத்தில் ஐஸுக்கு மேலால் ஓடுவீர்கள். ஆறு உறையத் தொடங்கும் நாட்களிலும் ஐஸ் உடையும் வைகாசியிலும் படகும் இல்லை, ஐஸும் இல்லை, இனுவிக்குக்கு ரோட்டே இல்லை. இனுவிக்கில் இருந்து அக்லாவிக் ஊருக்கு மெக்கன்சிக் கழிமுகத்தின் ஊடாகப் போகும் 117 கி.மீ. பாதைதான் உண்மையான நீண்ட ஐஸ் ரோட். அதை இன்னும் ஒவ்வொரு மாரியும் போடுகிறார்கள்.

பங்குனி நல்ல தெரிவு. மார்கழி 6 அளவில் இருந்து தை 6 அளவு வரை இனுவிக்கில் சூரியன் எழும்பவே எழும்பாது. பங்குனி நடுவில் ஏறக்குறைய 12 மணித்தியால வெளிச்சம், ஐஸும் தடித்துக் கிடக்கும்.

தூரம்தான் உங்களுக்கு இடிக்கப்போகிறது. எட்மன்ரனில் இருந்து வைற்ஹோர்ஸ் ஏறக்குறைய 2,000 கி.மீ., அங்கிருந்து டோசன் சிற்றி 530, டோசனில் இருந்து இனுவிக் 775. மொத்தம் 3,300 ஒரு வழிக்கு. காலநிலை முழுக்க உங்கள் பக்கம் இருந்தாலே போக ஐந்து நாள், வர ஐந்து நாள். மிச்சம் நாலு நாளில் மூன்றைக் காற்றுக்கென்று ஒதுக்கவேணும். ஏனென்றால் ஈகிள் பிளெயின்ஸ் (டெம்ஸ்ரர் நடுவழியில் தங்குமிடமும் பெற்றோலும் உள்ள இடம்) தாண்டி றிச்சட்சன் மலைத்தொடர் வரும் துண்டில் 'சூறாவளி ஒழுங்கை' என்று லொறிக்காரர் பெயர் வைத்த இடம் இருக்கிறது. காற்று பனியைக் கிளப்பினால் முன்னுக்கு நிற்கும் கம்பமும் தெரியாது, ரோட்டை மூடிவிடுவார்கள். திறக்கும் வரைக்கும் ஈகிள் பிளெயின்ஸில் இருந்து காத்திருப்பதுதான் ஒரே வழி. மூடிய ரோட்டில் வலுவில் போகாதேங்கோ, உங்களை மீட்க வருபவர்களுக்கும் கண் தெரியாது. ஒவ்வொரு நாள் காலையும் யூக்கொனின் 511 சேவையையும் வடமேற்குப் பிராந்தியத்தின் வீதி நிலவரத்தையும் பார்த்துவிட்டுத்தான் வெளிக்கிடவேணும்.

பெற்றோல்: டெம்ஸ்ரர் தொடங்கும் சந்தி டோசனுக்கு 40 கி.மீ. இந்தப் பக்கம். இருந்தாலும் டோசனுக்குள் போய் நித்திரை கொண்டு, ரேங்கை வாய்வரை நிரப்பித் திரும்பி வாருங்கோ. சந்தியில் இருந்து ஈகிள் பிளெயின்ஸ் 369 கி.மீ. கண்டியில் இருந்து யாழ்ப்பாணம் வரைக்கும் ஏ-9 முழுவதுமே 321 தான். அதைவிட நீளமான துண்டில் ஒரு பெற்றோல் செட்டும் இல்லை, வீடும் இல்லை, தொலைபேசிச் சிக்னலும் இல்லை. அடுத்தது போர்ட் மக்பெர்சன், பிறகு இனுவிக்.

கணக்கு இப்படி. 2024 வரைக்குமான 4ரன்னரின் ரேங்க் 87 லீற்றர். கடும் குளிரில் எஞ்சினை நிறுத்தாமல் விடும் நேரத்தையும் சேர்த்து 100 கி.மீ.க்கு 17 லீற்றர் பிடியுங்கோ. அப்படியென்றால் 510 கி.மீ. தாங்கும். டோசனில் இருந்து ஈகிள் பிளெயின்ஸுக்கு 409, சரிதான். ஆனால் 290 கி.மீ. போன இடத்தில் ரோட் மூடித் திரும்பினால் போக வர 580. அந்த 70 கி.மீ. வித்தியாசத்துக்காகத்தான் 20 லீற்றர்க் கலன் இரண்டு வேணும். கலனைக் கழுத்துவரை நிரப்பக்கூடாது, சூட்டில் பெற்றோல் விரியும்.

இரண்டு கிழமை மட்டும்தான் என்றால் என்ரை ஆலோசனை வேறு: யெலோநைஃப் போங்கோ. எட்மன்ரனில் இருந்து 1,450 கி.மீ. அளவு. முந்தி அங்கும் மெக்கன்சியை ஐஸில்தான் கடந்தார்கள், 2012 இல் டே சோ பாலம் வந்ததால் இப்போது வருடம் முழுக்கப் போகலாம். ஊரில் இருந்து டெற்றா கிராமத்துக்குப் பெரிய அடிமை ஏரியின் குடாவுக்கு மேலாக 6.5 கி.மீ. ஐஸ் ரோட் இருக்கிறது. ஐஸில் பிறேக் எப்படிப் பிடிக்கும், ஸ்ரியறிங் எப்படி நழுவும் என்று பழக அதைவிட நல்ல இடம் இல்லை. வழியில் 3 ஆம் இலக்க நெடுஞ்சாலையில் காட்டெருமைகள் ரோட்டிலேயே படுத்திருக்கும், இருட்டில் அந்தத் துண்டை ஓடாதேங்கோ.

உறைநிலை

ஐஸின் தாங்குதிறன் பற்றி எழுதுகிறேன்.

கனடா தேசிய ஆய்வுப் பேரவையைச் சேர்ந்த லோர்ன் கோல்ட் 1971 இல் வெளியிட்ட சூத்திரத்தைத்தான் இன்னும் அடிப்படையாகப் பாவிக்கிறார்கள். ஐஸின் தடிப்பைச் சென்ரிமீற்றரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, பிறகு 4 ஆல் பெருக்கினால் தாங்கும் எடை கிலோகிராமில் வரும். 30 செ.மீ. என்றால் 3,600 கிலோ. 40 செ.மீ. என்றால் 6,400. ஒரு மீற்றர் என்றால் 40,000. உங்கள் வாகனம் ஆட்கள், சாமான், எரிபொருள் எல்லாம் சேர்த்து 2,700 கிலோ வரும் என்று வைத்தால் 26 செ.மீ. போதும். தடிப்பு இரண்டு மடங்கானால் தாங்கும் எடை நாலு மடங்காகும் என்பதைக் கவனியுங்கள். மறுவளமாக, ஓரிடத்தில் ஐஸ் பாதியாக மெலிந்திருந்தால் அங்கே தாங்குவது காற்பங்குதான்.

இந்தக் கணக்கு நல்ல, தெளிந்த, கருநீல ஐஸுக்கு மட்டும். பனி நனைந்து உறைந்த வெள்ளை ஐஸில் காற்றுக்குமிழ் நிறைய இருக்கும், அதன் தடிப்பில் பாதியைத்தான் கணக்கில் எடுக்கவேண்டும். மேலே 12 செ.மீ. வெள்ளையும் கீழே 20 செ.மீ. தெளிந்ததும் இருந்தால் அது 32 அல்ல, 26. உப்பு கலந்த கடல் ஐஸ் நன்னீர் ஐஸைவிடப் பலம் குறைந்தது.

நீங்கள் துளை போட்டு அளக்கத் தேவையில்லை. அரச ஐஸ் ரோட்டை ராடார் கருவியாலும் துளையிட்டும் தொடர்ந்து அளந்து, நுழைவாயிலில் உச்ச எடையைப் பலகையில் போடுவார்கள். தொடக்கத்தில் 5,000 கிலோ மாதிரிச் சிறு வாகனங்களுக்கு மட்டும் விட்டு, தடிக்கத் தடிக்க ஏற்றி, பிரதான கடவைகளில் முழு லொறிக்கான 64,000 கிலோ வரைக்கும் கொண்டுபோவார்கள். பங்குனியில் அந்த ஐஸுக்கு உங்கள் 4ரன்னர் ஒரு பாரமே இல்லை. பாதையைவிட்டு ஒரு மீற்றர் விலகினால் கதை வேறு. பாதையில் பனியை வழித்துவிடுவதால் குளிர் நேரே இறங்கி ஐஸ் தடிக்கும், தண்ணீரை இறைத்து ஊற்றியும் தடிக்கவைப்பார்கள். பக்கத்தில் பனி போர்வைபோல மூடிக் கிடக்கும் இடத்தில் ஐஸ் மெலிந்திருக்கும், அதற்கு மேலே தண்ணீர் ஊறியும் நிற்கலாம். படம் எடுக்க என்று வழித்த பாதையை விட்டு இறங்கவேண்டாம்.

வேகம் ஏன் முக்கியம்? மிதக்கும் ஐஸ் வாகனத்தின் கீழே சற்றுக் குழியும். வாகனம் ஓட ஓட அந்தக் குழிவு நீரில் ஓர் அலையாகக் கூடவே போகும். ஆழம் குறைந்த நீரில் அலையின் வேகம் ஆழத்தைப் பொறுத்தது: 2 மீற்றர் ஆழத்தில் மணிக்கு 16 கி.மீ., 5 மீற்றரில் 25, 10 மீற்றரில் 36. வாகனத்தின் வேகமும் அலையின் வேகமும் ஒன்றானால் அலை பெருத்து ஐஸை வெடிக்கவைக்கும். கரையில் மோதித் திரும்பும் அலையும் அதோடு சேரும். பாரமான லொறிகள் கரையை நெருங்கும்போது மெதுவாகவும் சாய்வாகவும் ஏறுவது அதனால்தான். உங்கள் எடைக்கு இந்த அலை சிறிது, என்றாலும் முன்னால் போகும் லொறிக்கு அது பெரிது. பலகையில் போட்ட வேகத்தையும் இடைவெளியையும் அப்படியே பின்பற்றுங்கள். லொறியை ஒட்டி ஓடவோ, லொறிக்குப் பக்கத்தில் நிறுத்தவோ வேண்டாம். அசையாமல் நிற்கும் பாரத்தின் கீழ் ஐஸ் மெல்ல மெல்லத் தாழ்ந்துகொண்டே போகும்.

வெடிச்சத்தம் கேட்கும், பயப்படவேண்டாம். வெப்பநிலை மாறும்போது ஐஸ் சுருங்கி விரிந்து துவக்குச் சூடு மாதிரிச் சத்தம் போடும், காய்ந்த வெடிப்புகள் வழமையானவை. வெடிப்பின் ஊடாகத் தண்ணீர் கசிந்து மேலே வந்தால் மட்டும் வந்த வழியே திரும்புங்கள். ஆற்றில் ஓரம்தான் பலவீனம். நீர்மட்டம் இறங்கும்போது கரையோர ஐஸ் கீழே நீர் இல்லாமல் அந்தரத்தில் தொங்கும்.

கொக்குவில்_கராஜ்

ஐஸ் தாங்கும். வாகனம் ஸ்ராட் வராட்டித்தான் ஆபத்து. அண்ணாவின்ரை வாகனத்திலை இதுகளைப் பாருங்கோ.

எஞ்சின் ஒயில் முழுச் செயற்கை 0டபிள்யூ வகையாக இருக்கவேணும். 5டபிள்யூ ஒயில் −35 பாகை வரைக்கும்தான் பம்ப் பண்ணுப்படும், 0டபிள்யூ −40 வரைக்கும். கூலன்றை மானி வைச்சுப் பாருங்கோ. பாதிக்குப் பாதி தண்ணி கலந்தால் −37 இலை உறையும், 60க்கு 40 எண்டால் −52 அளவு. கூடக் கூட நல்லது எண்டு தனிக் கூலன்றை ஊத்தக்கூடாது, தண்ணி கலக்காத கூலன்ற் −13 அளவிலையே உறைஞ்சுபோகும். கனபேர் விடுற பிழை இது.

பற்றறி மூண்டு வருஷத்துக்கு மேலை பழசு எண்டால் மாத்துங்கோ. −18 இலை அதின்ரை பலம் பாதிக்கும் கீழை போயிடும், அதே நேரம் குளிரிலை இறுகின எஞ்சினைச் சுத்தக் கூடுதலான பலம் வேணும். சார்ஜ் இறங்கின பற்றறி −10 ஐ அண்டியே உறைஞ்சு வெடிக்கும். உறைஞ்ச பற்றறிக்கு ஜம்பர் கொடுக்கக்கூடாது, முதலிலை உள்ளுக்கை கொண்டுபோய் இளக்கவேணும்.

எஞ்சின் புளொக் ஹீற்றர் கட்டாயம். எட்மன்ரன் வாகனங்களிலை பெரும்பாலும் இருக்கும், வேலை செய்யுதோ எண்டு பாருங்கோ. −20 இலை மூண்டு நாலு மணித்தியாலம் போதும், −40 எண்டால் இரவு முழுக்கச் சொருகி விடுங்கோ. பற்றறிக்குச் சுத்துற சூட்டுப் போர்வையும் ஒயில் தட்டுக்கு ஒட்டுற ஹீற்றரும் பூட்டினால் இன்னும் நல்லது. தங்குமிடம் பதியேக்கை வாகனத்துக்குப் பிளக் பொயின்ற் இருக்கோ எண்டு கேளுங்கோ. நீட்டு வயர் கடுங்குளிருக்கு எண்டு செய்ததாக இருக்கவேணும், சாதாரண வயரின்ரை உறை சுள்ளி மாதிரி முறியும். அங்கை 120 வோல்ற்று, இங்கத்தை ஹீற்றர் ஒண்டும் கொண்டுபோகாதேங்கோ.

ரயர் மலையும் பனிப்பூவும் போட்ட சின்னம் உள்ள வின்ரர் ரயர், ஆணி பூட்டினது எண்டால் ஐஸிலை நல்ல பிடி. வெப்பநிலை 5.5 பாகை இறங்க ஒரு பிஎஸ்ஐ காத்துக் குறையும். +20 கராஜிலை அளந்திட்டு −40 க்குப் போனால் 11 பிஎஸ்ஐ குறைஞ்சிருக்கும், அதனாலை வெளிக்குளிரிலை நிண்ட ரயரைத்தான் அளந்து நிரப்பவேணும். டெம்ஸ்ரர் கல்லு கூரானது, முழு அளவு மேலதிக ரயர் இரண்டு கொண்டுபோங்கோ. இரவு நிண்ட ரயர் காலையிலை சதுரமாக இறுகியிருக்கும், கியர்ப்பெட்டி ஒயிலும் இறுகியிருக்கும், முதல் 10 கி.மீ. மெதுவாக ஓடினால் எல்லாம் இளகும்.

கைப்பிறேக் போடாதேங்கோ, கேபிள் உறைஞ்சு சில்லு பூட்டுப்பட்டு நிக்கும். கியரை பார்க்கிலை விட்டுச் சில்லுக்குக் கட்டை வையுங்கோ. ரேடியேற்றருக்கு முன்னாலை மட்டையோ துணிமூடியோ போட்டால் எஞ்சின் சூடு நிலைக்கும், ஆனால் சூட்டு மானியைப் பார்த்தபடி ஓடவேணும். கண்ணாடித் தண்ணி −40 தாங்குறதாக வாங்குங்கோ. ஹீற்றரை உள்காத்துச் சுத்தவிடாமல் வெளிக்காத்து எடுக்க விடுங்கோ, இல்லாட்டி மூச்சுக்காத்து கண்ணாடிக்கு உள்பக்கம் ஐஸாகப் படியும். திடீரெண்டு ஸ்ரியறிங் நடுங்கினால் முதலிலை றிம்முக்குள்ளை பனி கட்டியிருக்கோ எண்டு பாருங்கோ. ரேங்கை எப்பவும் பாதிக்கு மேலை வைச்சிருங்கோ, வெறும் ரேங்கிலை ஈரம் படிஞ்சு குழாயிலை உறையும்.

பிறேக் தூரம்: 60 இலை போற வாகனம் காய்ஞ்ச தாரிலை 20 மீற்றரிலை நிக்கும், வழுக்கு ஐஸிலை 140 மீற்றர் போகும். 40 இலை போனாலும் 60 மீற்றருக்கு மேலை. குறூஸ் கொன்ரோல் தொடக்கூடாது. சறுக்கினால் காலை எடுத்து, போகவேண்டிய பக்கம் பார்த்து மெல்லமாகத் திருப்புங்கோ. ஒண்டு தெரியவேணும்: −30 ஐஸைவிட 0 பாகைக்குக் கிட்ட ஈரப்பட்ட ஐஸ் கனக்க வழுக்கும். சூடு கூடின நாளிலைதான் கூடுதல் கவனம்.

கல்லுண்டாய்

எஸ்தோனியாவில் கடல் உறைந்து ஐஸ் ரோட் திறந்தால் சீற்பெல்ற் போடக்கூடாது, 25க்கும் 40க்கும் இடைப்பட்ட வேகத்தில் ஓடக்கூடாது, முன்வாகனத்துக்கு 250 மீற்றர் இடைவெளி என்று விதி. அதையே இங்கும் கடைப்பிடித்தால் என்ன?

உறைநிலை

அந்த விதி அந்த இடத்துக்குச் சரி. அங்கே கடல் சில மீற்றர் ஆழம்தான், ஐஸும் மெலிது, 2.5 தொன்னுக்கு மேல் விடுவதில்லை. 5 முதல் 10 மீற்றர் ஆழத்தில் அலை ஓடும் வேகம் எவ்வளவு என்று மேலே பாருங்கள், 25–40 ஏன் விலக்கப்பட்டது என்பது விளங்கும். மெக்கன்சியில் முழு லொறி ஓடும் ஐஸில் நீங்கள் கீழே போகும் வாய்ப்பைவிட, சறுக்கிப் பனிமேட்டிலோ எதிரே வரும் லொறியிலோ மோதும் வாய்ப்புப் பலமடங்கு கூட. பெல்ற் போட்டே ஓடவேண்டும்.

என்றாலும் தெரிந்திருக்கவேண்டியது: ஐஸ் உடைந்தால் வாகனம் ஒரு நிமிடம் அளவு மிதக்கும். பெல்றைக் கழற்றி, கண்ணாடியை இறக்கி அதனால் வெளியேறுங்கள், கதவைத் திறக்க முயலவேண்டாம். மனிற்றோபாப் பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிறெற் சொல்லும் 1–10–1 கணக்கு: முதல் 1 நிமிடம் மூச்சிரைப்பை அடக்க, அடுத்த 10 நிமிடம் கைகால் சொல்வழி கேட்கும், நினைவு தப்ப 1 மணித்தியாலம் ஆகும். வந்த திசைப்பக்க ஐஸைப் பிடித்து, கால்களை உதைத்துக் கிடையாக ஏறி, எழும்பாமல் உருண்டு விலகவேண்டும்.

பனைநிழல் (இணுவில்)

எல்லாருக்கும் நன்றி. ஒரு கேள்வி மிச்சம்: டெம்ஸ்ரரிலை நடுவழியிலை எஞ்சின் நிண்டால் என்ன செய்யிறது? உடுப்பு, சாப்பாடு எப்பிடி? என்ரை லைசென்ஸோடை நானும் ஓடலாமோ?

மெக்கன்சிக்கரை

நின்றால் வாகனத்தை விட்டு நடக்காதேங்கோ. அந்த ரோட்டில் வரும் வாகனம் நின்று விசாரிக்கும், நீங்களும் நிற்கும் வாகனத்தைக் கண்டால் அப்படியே செய்யவேணும். எஞ்சின் ஓடுகிறது, பனியில்தான் புதைந்தது என்றால் முதல் வேலை புகைக்குழாயைச் சுற்றிய பனியை மண்வெட்டியால் அகற்றுவது. குழாய் அடைபட்டால் கார்பன் மொனொக்சைட் மணமே இல்லாமல் உள்ளே வரும். மணித்தியாலத்துக்குப் பத்து நிமிடம் ஓடவிட்டு, காற்றடிக்காத பக்கக் கண்ணாடியை விரல் அளவு இறக்கி வையுங்கோ.

ஆளுக்கொரு −40 நித்திரைப்பை, மண்வெட்டி, இழுவைப்பட்டி, தகரப்பேணிக்குள் தடித்த மெழுகுதிரி, நெருப்புப்பெட்டி, ஜம்பர் வயர், தலைவிளக்கு, செய்மதியால் தகவல் அனுப்பும் கருவி. கருவியையும் தொலைபேசியையும் உட்சட்டைப் பைக்குள் வையுங்கோ, வெளியில் வைத்தால் பற்றறி சில நிமிடத்தில் இறங்கும். இவை பின்பெட்டியில் சாமானுக்கு அடியில் இருக்கக்கூடாது, சீற்றில் இருந்தபடி எட்டவேணும்.

உடம்போடு ஒட்டும் உடுப்பில் பருத்தி வேண்டாம், வியர்வையைப் பிடித்துக் குளிரும். கம்பளி அல்லது பொலியெஸ்ரர் உள்ளுடுப்பு, நடுவில் தடித்த கம்பளி, மேலே காற்றுப் புகாத நீண்ட ஜக்கெற். சப்பாத்து ஒரு அளவு பெரிசாக எடுங்கோ, இறுக்கினால் இரத்தம் ஓடாது. விரலுறைக்கு மேலே விரல் பிரிக்காத பெரிய உறை. வெறுங்கையால் இரும்பையோ பெற்றோல் குழாயையோ தொடாதேங்கோ. மூக்கு, கன்னம் வெள்ளைப்பட்டு மரத்தால் உள்ளங்கையால் மூடிச் சூடாக்கவேணும், தேய்த்தால் தோல் பழுதாகும்.

சாப்பாட்டுக்கு எள்ளுருண்டை, கச்சான், பனங்கட்டி. ஈரம் இல்லாததால் −40 இலும் கடிக்கலாம். சோற்றுப்பார்சலும் வாழைப்பழமும் கல்லாகிவிடும். தண்ணீரைப் பிளாஸ்கில் கொதிக்கக் கொதிக்க நிரப்புங்கோ.

இலங்கை அனுமதிப்பத்திரத்தோடு, கொழும்பில் ஒட்டோமொபைல் அசோசியேஷன் ஒஃப் சிலோன் தரும் அனைத்துலகச் சாரதி அனுமதிப்பத்திரமும் எடுங்கோ. அண்ணாவின் காப்புறுதியில் உங்கள் பெயரைச் சேர்க்கச் சொல்லி, ஐஸ் ரோட்டுக்கும் இழுவைச் செலவுக்கும் காப்பு இருக்கிறதா என்று எழுத்தில் வாங்கச் சொல்லுங்கோ. வாடகை வாகனம் என்றால் டெம்ஸ்ரரைத் தடுக்கும் நிபந்தனை ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கோ. அங்கே வலப்பக்கத்தால் ஓடவேணும், லொறி புழுதிப்பனி கிளப்பி எதிரே வரும்போது கை பழக்கத்தில் இடப்பக்கம் இழுக்கும். அதனால் டெற்றா மாதிரி அமைதியான இடத்தில் நீங்கள் ஓடுங்கோ, மலைத்துண்டை அண்ணாவிடம் விடுங்கோ.

டோசனில் இருந்து வெளிக்கிடும் காலை, எட்மன்ரனில் ஒருவருக்கு ஈகிள் பிளெயின்ஸ் போய்ச் சேரும் நேரத்தைச் சொல்லிவிடுங்கோ. 409 கி.மீ. மாரியில் ஏழு மணித்தியாலம் பிடிக்கும். எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் பொலிசுக்கு எடுக்கவேணும் என்பதையும், வாகன இலக்கத்தையும், செய்மதிக் கருவியின் தொடர்பு முகவரியையும் அவரிடம் எழுதிக் கொடுங்கோ.